வெண்ணெய் வைக்கும் இடம்

தார்த்துவில் எங்கள் பேட்டைக்குச் சூப்பு நகரம் என்று பெயர்.
உருளைக்கிழங்குத் தெரு உண்டு, அவரைத் தெரு உண்டு,
நான் இருப்பது பட்டாணித் தெரு,
மரவீடு, மேல்மாடி.

நவம்பரில் ஜன்னல் மாற்ற ஆள் வந்தது.
பழையது இரட்டைச் சட்டம்.
இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்
எனக்கு முன்னால் குடியிருந்த யாரோ திணித்த பஞ்சு
பழுப்பேறிக் கிடந்தது.
கென்னாதி அதை உளியால் நெம்பியபோது
பஞ்சோடு உதிர்ந்தன பொறிவண்டுகள்,
கால் மடக்கிய குன்றிமணிகள்.

செத்தவை என்று துடைப்பத்தை எடுத்தேன்.
பொறுங்கள் என்றான்.
ஒன்றை உள்ளங்கையில் வைத்து
காற்றில் தீக்குச்சி கிழிப்பவன்போல் மறுகையைக் குவித்து
ஊதினான்.
ஒரு கால் அசைந்தது. பிறகு இன்னொன்று.
அவன் மொழியில் அது கடவுளின் பசுக்குட்டி.
என் மொழியில் அதன் வாலில்
திரீனு என்று ஒரு பெண்ணின் பெயர் ஒட்டியிருக்கிறது.

நாற்பத்தொன்று.
புது ஜன்னல் பிளாஸ்டிக், புகலிடம் கிடையாது.
அறையில் விட்டால் கணப்புச் சூட்டில் விழிக்கும்,
விழித்தால் பசிக்கும்,
டிசம்பரில் அசுவினிக்கு நான் எங்கே போக?
வெளியே மைனஸ் பதினொன்று.

ஆக, குளிர்ப்பெட்டிக் கதவில்
வெண்ணெய் வைக்கும் இடம்.
மூடி உண்டு, இருட்டு உண்டு, ஐந்து டிகிரி.
மத்தி மீன் டப்பாவை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி
ஈரப்பஞ்சு விரித்து
ஊறவைத்த உலர்திராட்சை ஒன்று, நடுவில்.
அக்கா ஊர்வே ரொட்டிக்கு வெண்ணெய் தேடிப்போய்
அலறிய அலறலில்
கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

ஞாயிறுதோறும் ஆறு சொட்டுத் தண்ணீர்.
கை நடுங்கி எட்டு விழுந்த வாரம் பூஞ்சை பிடித்தது.
நாலு போயிற்று.
தூக்கமா சாவா என்று பார்வைக்குத் தெரியாது.
ஈர்க்குச்சியால் மெல்லத் தொடவேண்டும்,
முழங்காலில் மஞ்சளாய்க் கசிந்தால்
கோபம் இருக்கிறது, உயிர் இருக்கிறது.
அந்தக் கசப்பு வாடையை விரலில் வைத்துக்கொண்டே
பல் மருத்துவமனைத் தொலைபேசியில்
ஊராருக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன்.

ஜனவரியில் புது ஜன்னலின் இடது மூலை
விசிலடிக்கத் தொடங்கியது.
புகார் எழுதினேன்.
கென்னாதி வந்தான், மெழுகுவர்த்தியைக் காட்டினான்,
சுடர் சாய்ந்தது, தலையைச் சொறிந்தான்.
பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டி:
மூன்று.
மெலோன் தெரு, இரண்டாம் மாடி என்றான்,
விலாசம் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள் என்பதுபோல.
மற்றவர்கள் எப்படி என்று கேட்டான்.
குளிர்ப்பெட்டியைத் திறந்தேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்தான்.

ஜன்னலைச் சரிபண்ணாமலே போய்விட்டான்.

அதன்பிறகு சில வெள்ளிக்கிழமைகளில்
கதவடியில் சிகரெட் பெட்டி இருக்கும்.
ஒருமுறை ஐந்து. ஒருமுறை வெறும் புகையிலைத்தூள்.
மார்ச்சில் நின்றது.
கம்பெனியில் கேட்டேன், நார்வாவில் வேலையாம்.

வேலியோரம் காஞ்சொறி துளிர்த்த அன்று
டப்பாவை விறகுக்கொட்டகைக் கூரையில் வைத்தேன்.
ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு நடந்தன.
சில, விளிம்பையே உலகம் என்று நினைத்து
சுற்றிச் சுற்றி வந்தன.
ஒன்றுகூட நான் பார்க்கும்போது பறக்கவில்லை.
தேநீர் போட உள்ளே போய்த் திரும்பினேன்,
டப்பாவில் திராட்சை மட்டும்.

மேலே வந்தால்,
இடது மூலையில், அந்த விசில் இடுக்கில்
உணர்கொம்பைத் துடைத்தபடி ஒன்று.
பின்னால் இன்னொன்று.
நான் எண்ணாதவை. சொட்டுத் தண்ணீர் கொடுக்காதவை.
இரண்டு கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு
குளிர்காலம் முழுக்க நான் திட்டிய மூலை.

மேசைமேல் புகாரின் இரண்டாம் நகல் கிடந்தது.
அதைக் குப்புறப் போட்டு
அதன் முதுகில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு
ஜன்னலைத் திறந்தேன்.